ஐயோ, நாம் மேலே ஏறுகிறோமே!

பெர்லின் மாநகரின் தென்கிழக்குக் கோடியில், ஸ்ப்ரே ஆறும் டாமே ஆறும் கூடுமிடத்தில், கோப்பெனிக் என்றொரு பகுதி உண்டு. பிழைப்பின் பொருட்டு 2016ஆம் ஆண்டு கடல் கடந்து வந்த நாங்கள் அங்கேதான் குடியமர்ந்தோம். எங்களுள் ஒருவர் மருத்துவமனையில் செவிலியர். மற்றவர் கிடங்கொன்றில் கணக்கர். மகனுக்கு அப்போது வயது நான்கு. வீட்டிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் ஒரு காடு தொடங்கும். காட்டின் விளிம்பில் ஒரு கால்பந்தாட்ட அரங்கம் நிற்கிறது. 'பழைய வனக்காவலர் இல்லம்' என்பது அதன் பெயரின் பொருள். அங்கு ஆடும் கழகத்தின் பெயர் யூனியன் பெர்லின்.

குமரிக் கடற்கரையில் பிறந்த எங்களுக்குக் கால்பந்து புதிதன்று. பங்குத் திருவிழாவையொட்டி நடைபெறும் ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஊர் அணி தோற்றுவிட்டால் அன்றிரவு சோறு இறங்காது. ஆனால் தோற்ற பையன்கள் மறுநாள் காலை மீன் ஏலம் நடக்குமிடத்தில் நம் பக்கத்திலேயே வந்து நிற்பார்கள். அவர்களுள் ஒருவன் நம் சித்தப்பா மகனாகவும் இருப்பான். எனவே அவர்களைத் திட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஓர் அணியோடு மக்களுக்குள்ள உறவு என்றால் எங்களுக்குத் தெரிந்தது இதுதான்.

எங்கள் மாடிக்குக் கீழ்வீட்டில் ஒரு முதியவர் தனியே குடியிருந்தார். பெயரை அச்சில் காண அவர் விரும்பமாட்டாராதலின் பெரியவர் என்றே குறிப்பிடுவோம். எங்கள் மகன் அவரை 'ஓப்பா' என்று அழைத்தான். ஜெர்மன் மொழியில் தாத்தாவுக்கு அதுவே சொல். மின்வடம் செய்யும் ஆலையொன்றில் வாழ்நாளெல்லாம் உழைத்து ஓய்வு பெற்றவர். அவரே 2017ஆம் ஆண்டு வசந்தத்தில் எங்களை முதன்முதலாக அந்த அரங்கத்துக்கு அழைத்துச் சென்றார்.

யூனியன் அப்போது இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு வழக்கத்துக்கு மாறாக வென்றுகொண்டே வந்து பட்டியலின் உச்சியை நெருங்கியிருந்தது. முதற்பிரிவாகிய பண்டஸ்லிகாவுக்கு ஏறிவிடுவார்கள் என்று நாளேடுகள் எழுதின. அந்த நாட்களில் இரசிகர்கள் நீண்ட துணிப் பதாகையொன்றை விரித்துப் பிடித்தார்கள். "ஐயோ, நாம் மேலே ஏறுகிறோமே!" என்பது அதன் வாசகம். 'ஐயோ' என்று நாங்கள் நாகரிகமாகப் பெயர்த்த சொல்லை உள்ளபடியே எழுதினால் இந்த இதழின் ஆசிரியர் ஏற்கமாட்டார். வெற்றியைக் கண்டு இப்படியும் அலறுவார்களா என்று வியந்தோம். பெரியவர் சிரித்தார், விளக்கம் ஒன்றும் கூறவில்லை. அவ்வாண்டு அவர்கள் நான்காம் இடத்தோடு நின்றுவிட்டார்கள். அந்தப் பதாகையின் பொருளை நாங்கள் அறிந்துகொள்ள மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின.

அதற்கு அந்தக் கழகத்தின் கதையைச் சற்றே சொல்லவேண்டும். அதன் வேர் 1906ஆம் ஆண்டு வரை செல்கிறது. இன்றைய பெயரோடு அமைந்தது 1966இல். ஆலைத் தொழிலாளரின் கழகமாதலால் 'இரும்பு யூனியன்' என்பதே அவர்களுடைய முழக்கம். கிழக்கு ஜெர்மனி என்னும் நாடு இருந்த காலத்தில், அதே கிழக்கு பெர்லினில் டைனமோ என்ற கழகத்தைப் பாதுகாப்புத் துறை அமைச்சர் எரிக் மீல்க்கே பேணி வளர்த்தார். அது 1979 முதல் 1988 வரை தொடர்ந்து பத்து முறை நாட்டின் வாகையைச் சூடியது. யூனியனுக்கு அந்நாளில் வாய்த்ததெல்லாம் 1968இல் வென்ற ஒரே ஒரு கோப்பை. நாடு ஒன்றான பின்னும் நிலை மாறவில்லை. 1993லும் 1994லும் ஆட்டத்தால் மேற்பிரிவுக்குத் தகுதி பெற்றும், பணநிலை சரியில்லை என்று உரிமம் மறுக்கப்பட்டது. "தோற்பதற்கென்றே பிறந்தவர்கள் நாங்கள்" என்று பெரியவர் சொல்வார். சொல்லும்போது அவர் குரலில் வருத்தத்தைக் காட்டிலும் ஒருவகைப் பெருமிதமே மேலோங்கி நிற்கும்.

2004இல் உரிமம் பெற ஏறத்தாழ 15 இலட்சம் யூரோ காட்டவேண்டிய நெருக்கடி வந்தது. அப்போது இரசிகர்கள் செய்த காரியம் ஐரோப்பா முழுதும் பேசப்பட்டது. அங்கே இரத்தம் கொடுப்போருக்கு மருத்துவமனைகள் சிறு தொகை வழங்குவது வழக்கம். இரசிகர்கள் சென்று இரத்தம் கொடுத்து, அந்தத் தொகையைக் கழகத்துக்கு அளித்தார்கள். 'யூனியனுக்காகக் குருதி' என்பது அந்த இயக்கத்தின் பெயர். பெரியவரும் கொடுத்தார். அவருடைய மனைவியும் கொடுத்தார். அவ்வம்மையாரை நாங்கள் பார்த்ததில்லை. நாங்கள் வருமுன்பே காலமாகிவிட்டார்.

பிறகு 2008 வந்தது. அரங்கத்தின் படிகள் இடிந்து, இடுக்குகளில் புல் முளைத்திருந்தது. இந்த நிலையில் இங்கே ஆடக்கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. கழகத்திடம் பணமில்லை, நகராட்சியும் கைவிரித்தது. எனவே இரசிகர்களே கட்டினார்கள். கொத்தனாரும் தச்சரும் மின்பணியாளரும் மட்டுமல்லர். எழுத்தரும் ஆசிரியரும் வேலையற்றோரும் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்தார்கள். 2000க்கும் மேற்பட்டோர் கூலியின்றி 1,40,000 மணி நேரம் உழைத்தனர். அந்த ஓராண்டும் அணி, பழைய பகைவராகிய டைனமோ ஆடிவந்த வேற்றரங்கத்தில் ஆடி, மூன்றாம் பிரிவை வென்று வந்தது. 2009 ஜூலையில் அரங்கம் திறக்கப்பட்டது. கட்டியோரின் பெயர்களைத் தாங்கி, தொழிலாளர் அணியும் தலைக்கவசத்தின் வடிவில் அங்கே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. பின்னர் 2011இல் அரங்கத்தின் பங்குகளை 500 யூரோ வீதம் இரசிகர்களுக்கே விற்றார்கள்; 4000க்கும் மேற்பட்டோர் வாங்கினர். பெரியவர் ஒரு பங்கு வாங்கினார். அந்தப் பத்திரம் அவர் வீட்டுக் கூடத்தில், நம் வீடுகளில் திருப்படம் மாட்டுமிடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது.

கிறிஸ்து பிறப்புப் பாடல்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 2003ஆம் ஆண்டு டிசம்பரில் அணி தோல்வி மேல் தோல்வி கண்டு கிடந்தது. அந்தத் துயரத்தில் 89 இரசிகர்கள், யாரிடமும் அனுமதி பெறாமல் இரவில் அரங்கத்துக்குள் நுழைந்து, நடுக்கோட்டருகே நின்று கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடினார்கள். ஆண்டுதோறும் அது தொடர்ந்தது. இப்போது 28,500 பேர் கூடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளின் பாடகர் குழு பாட, போதகர் ஒருவர் பெத்லகேம் வரலாற்றை வாசிக்க, கையில் மெழுகுதிரியோடு மக்கள் நிற்கும் காட்சி கண்கொள்ளாதது. கோவிலுக்குச் செல்லும் வழக்கமே ஏறத்தாழ அற்றுப்போன ஒரு நகரப்பகுதியில் இது நடக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஆனால் இன்று அதற்கும் நுழைவுச் சீட்டு வேண்டும்; சீட்டுகளோ விரைவில் தீர்ந்துவிடும். "அந்த 89 பேரில் தாமும் ஒருவர் என்று சொல்லும் 300 பேரையாவது நான் சந்தித்திருக்கிறேன்" என்பார் பெரியவர்.

2019 மே 27 அன்று யூனியன் முதற்பிரிவுக்கு ஏறியது. ஸ்டுட்கார்ட் அணியோடு ஆடிய இரு ஆட்டங்களும் சமநிலையில் முடிந்தும், வெளியூரில் அடித்த கோல்களின் கணக்கால் யூனியன் வென்றது. அன்றிரவு கோப்பெனிக் தெருக்களில் உறங்கினவர் யாருமில்லை. ஆகஸ்ட் 18ஆம் நாள் முதற்பிரிவின் முதல் ஆட்டம், லைப்சிக் அணியோடு. அந்த நாளைக் காணாமல் இறந்துபோன தம் உறவினர், நண்பர் ஆகியோரின் முகங்களைப் பெரிதாக அச்சிட்டு, நானூறுக்கும் மேற்பட்ட படங்களை இரசிகர்கள் உயர்த்திப் பிடித்தார்கள். பெரியவர் தம் மனைவியின் படத்தைப் பிடித்திருந்தார். யூனியன் நான்கு கோல் வாங்கித் தோற்றது. அரங்கம் கலையவில்லை, பாடிக்கொண்டேயிருந்தது. அதைக் கண்ட நாங்கள் அந்த வாரமே குடும்பத்தோடு கழகத்தில் உறுப்பினராகச் சேர்ந்தோம்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். 2017க்கும் 2019க்கும் இடையில் நாங்கள் அந்த அரங்கத்துக்குச் சென்றது மூன்றே முறை. குளிரென்றும் வேலையென்றும் சொல்லி வீட்டிலிருந்தோம். முதற்பிரிவுக்கு ஏறியபின்தான் எங்களுக்கு அன்பு பெருகியது. வெற்றி அழைத்துவந்த கூட்டத்தில் நாங்களும் அடக்கம். புதிதாக வந்தவர்களால் பழைய மணம் போய்விட்டது என்று புதிதாக வந்தவர்களே புலம்புவதை எங்கும் கேட்கலாம். நாங்களும் அவ்வாறு புலம்பியிருக்கிறோம்!

அதன் பிறகு நடந்தவை கதைபோல் இருந்தன. 2021இல் ஏழாம் இடம். 2022இல் ஐந்தாம் இடம். 2023இல் நான்காம் இடம். சுவிட்சர்லாந்துக்காரரான பயிற்சியாளர் உர்ஸ் ஃபிஷர் ஆரவாரமில்லாத மனிதர். அவருடைய அணியும் அவ்வாறே ஆடியது. நான்காம் இடம் என்றால் ஐரோப்பாவின் தலைசிறந்த அணிகள் மோதும் சாம்பியன்ஸ் லீகில் இடம். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நான்காம் பிரிவில் உழன்ற கழகம் மாட்ரிட் நகருக்குச் செல்லவிருந்தது.

இதற்கிடையில் எங்களுள் ஏதோ ஒன்று மாறிக்கொண்டிருந்தது. அரங்கம் கொள்வது 22,012 பேரை. அதில் உட்காருமிடம் 3,617 மட்டுமே, ஏனையோர் நிற்கவேண்டியவர்கள். உறுப்பினர் தொகையோ ஆண்டுக்காண்டு பல்கிப் பெருகியது. சீட்டு கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. 2023 மே 27 அன்று பிரேமன் அணியோடு நடந்த கடைசி ஆட்டத்துக்கு எங்களுக்கு இரண்டு சீட்டுகள் கிடைத்தன. பெரியவருக்குப் பருவச் சீட்டு உண்டு. அவருடைய நண்பர் ஒருவர், 2008இல் அவரோடு நின்று சிமென்ட் கலந்தவர், இடையில் பிழைப்புக்காக வேற்றூர் சென்று பருவச் சீட்டை விட்டுவிட்டார். திரும்பி வந்தபோது மீண்டும் பெற இயலவில்லை. அவருடைய பெயர் அந்தத் தலைக்கவசத்தில் இருக்கிறது. உள்ளே செல்லத்தான் வழியில்லை. பெரியவர் இதனை எங்களிடம் கேலியாகத்தான் கூறினார். கேட்கவில்லை, கேட்கிறவரும் அல்லர். நாங்கள் ஒரு சீட்டை அந்த நண்பருக்குக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மகனுக்கு வாக்களித்துவிட்டோம், சிறுவனைத் தனியே அனுப்பலாகாது என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அன்று யூனியன் ஒரு கோல் கணக்கில் வென்றது. மக்கள் திடலுக்குள் ஓடினர். நாங்களும் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த நண்பர் வெளியே வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம்.

வெற்றி பெற்ற கழகங்களின் இரசிகர்களுக்கு நேர்வதைப் பேசும்போது பணத்தையே எல்லாரும் குறை கூறுவர். இங்கிலாந்தில் 2016ஆம் ஆண்டு லிவர்பூல் கழகம் ஒரு சீட்டின் விலையை 77 பவுன் ஆக்க முனைந்தபோது, ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினர், உரிமையாளர்கள் பின்வாங்கினர். மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தை 2005இல் அமெரிக்கச் செல்வர் வாங்கியபோது, மனம் நொந்த இரசிகர்கள் சிலர் தங்களுக்கெனப் புதுக் கழகமே தொடங்கினர். ஜெர்மனியில் பெரும்பாலான கழகங்களில் உறுப்பினர்களே பெரும்பான்மை வாக்கைக் கொண்டிருக்கவேண்டும் என்ற விதி இருப்பதால் அந்த அளவுக்குப் போகவில்லை. யூனியனில் நின்று பார்க்கும் சீட்டு இன்றும் எளியோருக்கு எட்டுவதுதான். எனவே எங்களை மாற்றியது விலையன்று. எங்களுக்கு எட்டியவரையில் அதன் காரணத்தைச் சொல்லுகிறோம். வறுமையில் இருந்தபோது அந்தக் கழகத்துக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஒவ்வொருவருடைய இரத்தமும் கையும் ஞாயிற்றுக்கிழமையும் வேண்டியிருந்தன. வளமடைந்தபின் அதற்கு யாரும் தேவையில்லை. நாம் போகாவிட்டால் நம் இடத்துக்கு ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். தேவைப்படாதவன் என்ன செய்வான்? கொடுத்தவனாக இருக்க வழியில்லாதபோது கேட்பவனாகிறான். நாங்கள் கேட்பவர்களானோம். அந்த வீரர் போதாது, இந்த வீரரை விற்றுவிடவேண்டும், இத்தாலியிலிருந்து வந்தவர் கிழவராகிவிட்டார் என்று இரவு உணவின்போது பேசினோம். பேசியபோது அது அன்பின் மிகுதி என்றே எண்ணினோம்.

2023 அக்டோபர் 3. ஜெர்மனி மீண்டும் ஒன்றான நாளின் ஆண்டு விழா. அன்று சாம்பியன்ஸ் லீகில் யூனியனின் முதல் உள்ளூர் ஆட்டம், போர்ச்சுக்கல் நாட்டின் பிராகா அணியோடு. அதிக உறுப்பினர்கள் காணவேண்டும் என்பதற்காகக் கழகம் அதனைத் தன் காட்டோர அரங்கில் நடத்தாமல், நகரின் மேற்கில் உள்ள பெரிய ஒலிம்பிக் அரங்கில் நடத்தியது. கோப்பெனிக்கில் ஏறினால் அதே தொடர்வண்டி அங்கே கொண்டுபோய் விடும். நகரை ஊடறுத்து ஏறத்தாழ ஒரு மணிப் பயணம். எல்லாருக்கும் இடம் கிடைத்தது. பெரியவரும் அவருடைய நண்பரும் நாங்கள் மூவரும் ஒரே வரிசையில் அமர்ந்தோம். ஆம், அமர்ந்தோம். "இத்தனை ஆண்டுகளில் யூனியனை உட்கார்ந்து பார்ப்பது எனக்குப் பழக்கமில்லை, கால்களை என்ன செய்வதென்று தெரியவில்லை" என்றார் பெரியவர்.

எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். ஷெரால்டோ பெக்கர் இரண்டு கோல் அடித்தார். இரண்டுக்குச் சுழி என்று முன்னே நின்றோம். பிறகு பிராகா இரண்டையும் திருப்பியது. ஆட்டம் முடியும் தறுவாயில் மூன்றாவதையும் அடித்துவிட்டது. எங்களுக்கு முன்வரிசையில் இருந்த சிலர் அதற்கு முன்பே எழுந்து போய்விட்டிருந்தனர். யூனியன் இரசிகர்களுக்கு எழுதப்படாத சட்டம் இரண்டு உண்டு: ஆட்டம் முடியுமுன் போகக்கூடாது, தம் வீரரைப் பார்த்துச் சீழ்க்கையடித்து இகழக்கூடாது. மூன்றாவது கோல் விழுந்தபோது எங்கள் பக்கத்தில் ஒரு சீழ்க்கை எழுந்தது. திரும்பிப் பார்த்தோம். அது எங்கள் மகன். சீழ்க்கையோடு நிற்காமல், வீரர் ஒருவரின் பெயரைச் சொல்லி, "இவனை விற்றுவிடுங்கள்!" என்று கத்தினான். அவனுக்கு வயது பதினொன்று. அந்தச் சொற்கள் எங்கள் உணவு மேசையிலிருந்து எடுத்தவை.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வண்டியில் அவனுக்குத் தம் பையிலிருந்த ரொட்டியில் பாதியைக் கொடுத்தார். எங்களால் அவர் முகத்தைப் பார்க்க இயலவில்லை.

அந்த இலையுதிர்காலம் கொடியது. மாட்ரிட்டில் கடைசி நிமிடங்களில் விழுந்த கோலால் தோல்வி. உள்நாட்டிலும் அடுத்தடுத்துத் தோல்வி. தொடர்ந்து பன்னிரண்டு ஆட்டங்கள். நேப்பிள்ஸ் நகரில் ஒரு சமநிலை கிட்டியது. நவம்பர் 12 அன்று லெவர்குசன் அணி நான்கு கோல் அடித்து வென்றது. மூன்றாம் நாள் ஃபிஷர் விலகினார். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அணியைத் தூக்கி நிறுத்திய மனிதருக்கு அந்த ஊரில் கெட்ட சொல் ஒன்றும் நாங்கள் கேட்கவில்லை. கடைத்தெருவில் பெண்கள் அழுததைக் கண்டோம்.

அந்த வாரத்தில் ஒருநாள் மகன் எங்களிடம், "அப்பா, இனிமேல் நாம் லெவர்குசன் கட்சியாக இருந்தால் என்ன? அவர்கள் தோற்பதே இல்லையே" என்று கேட்டான். உண்மைதான். அவ்வாண்டு முழுதும் ஒரு முறையும் தோற்காமல் அவர்கள் முதற்பிரிவின் வாகையைச் சூடினார்கள். அவனைக் கடிந்துகொள்ள வாயெடுத்தோம். என்ன சொல்லிக் கடிவது? அவன் கண்விழித்துப் பார்த்த நாள்முதல் யூனியன் ஏறிக்கொண்டே இருந்தது. தோல்வியில் அன்பு செய்வதை அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுக்க எங்களுக்கே தெரியாது. வெல்வதனால் நேசித்தவர்கள், வெல்பவரை நாடிப் போவது முறைதானே?

பெரியவரிடம் இதனைச் சொன்னோம். மறுநாள் சனிக்கிழமை அவர் மகனை அரங்கத்துக்கு அழைத்துச் சென்றார். ஆட்டம் ஒன்றுமில்லை, குளிர் மட்டும் இருந்தது. தலைக்கவசத்தில் இருந்த பெயர்களுள் தம்முடையதைத் தேடச் சொன்னாராம். கண்டுபிடிக்க வெகுநேரம் ஆயிற்றாம். பிறகு அவர்கள் பேசியது என்னவென்று மகன் எங்களிடம் முழுதும் கூறவில்லை. "ஓப்பா கட்டியது மூன்று படிகள்தாமாம். எந்த மூன்று என்று மறந்துவிட்டதாம். அதனால் எல்லாப் படியையும் மெதுவாகத்தான் மிதிப்பாராம்" என்று மட்டும் சொன்னான். லெவர்குசன் பேச்சு அதன்பின் எழவில்லை. ஆயினும் அவன் ஒரேயடியாக மாறிவிட்டான் என்று சொல்லமாட்டோம். தோல்விகளின்போது சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். சீழ்க்கை மட்டும் அடிப்பதில்லை.

எங்கள் உணவு மேசையிலும் ஒரு கட்டுப்பாடு வந்தது. வீரர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் அடுத்த அறையில் இருந்தால் பேசும் விதமாகவே பேசுவது என்று வைத்துக்கொண்டோம். எங்கள் கடற்கரையில் சித்தப்பா மகனைப் பற்றிப் பேசிய விதந்தான் அது. எளிதாக இல்லை.

2024 மே 18, கடைசி நாள். எதிரணி ஃப்ரைபுர்க். ஓராண்டுக்கு முன் ஐரோப்பாவின் உச்சிக்கு ஏறிய அதே அரங்கில், இப்போது கீழே விழாமல் தப்புவதற்கான ஆட்டம். எங்களுக்கு மீண்டும் இரண்டு சீட்டுகள் கிடைத்தன. ஒன்றில் மகன் சென்றான். மற்றொன்றைப் பெரியவருடைய நண்பருக்குக் கொடுத்தோம். அவர் வாங்கிக்கொள்ளத் தயங்கினார். சீட்டின் விலையைச் சில்லறை வரை எண்ணிக் கொடுத்த பின்னரே வாங்கினார். ஓராண்டுக்கு முந்தைய கடனை இது தீர்த்துவிட்டது என்று நாங்கள் எண்ணவில்லை. அவர் அதனை அறியவும் மாட்டார்.

நாங்கள் இருவரும் வீட்டில் தொலைக்காட்சியின் முன் இருந்தோம். கோப்பெனிக்வாசிகளுக்கு ஒரு விசித்திரமான அனுபவம் உண்டு. தொலைக்காட்சியில் படம் வந்துசேரச் சில நொடிகள் தாமதமாகும். அரங்கத்தின் ஒலியோ காட்டைத் தாண்டி நேரே வந்துவிடும். சன்னலைத் திறந்து வைத்தால், நடந்ததைக் காதால் முதலில் அறிந்து கண்ணால் பின்னர் காணலாம். ஆட்டத்தின் பிற்பகுதியில் ஒரு முழக்கம் கேட்டது. அப்புறம் ஹொலர்பாக் கோல் அடிப்பதைப் பார்த்தோம். பிறகு ஓர் அமைதி; ஃப்ரைபுர்க் சமன் செய்தது. சமநிலையில் முடிந்தால், கீழ்ப்பிரிவின் மூன்றாம் அணியோடு மேலும் இரண்டு ஆட்டங்கள் ஆடித்தான் பிழைக்கவேண்டும். கூடுதல் நேரத்தில் யூனியனுக்குப் பெனால்டி. படத்தில் வீரர் பந்தை வைத்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் சன்னல் வழியே ஒரு பெருமூச்சு வந்தது. தவறிவிட்டது என்று தெரிந்துகொண்டோம். முகத்தைப் பொத்திக்கொண்டோம். அந்தப் பெருமூச்சு முடியுமுன்பே, அதன்மேல் ஏறிக்கொண்டு ஒரு முழக்கம் வந்தது. மரங்கள் அதிர்ந்தன என்று எழுதினால் மிகையென்பீர்கள். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது மெய். திரும்பி வந்த பந்தை ஹாபரர் உள்ளே செலுத்துவதை அதன்பின் பார்த்தோம்.

மூவரும் இருட்டிய பின்னரே வந்தார்கள். மகனின் குரல் முற்றிலும் அடைத்துப்போயிருந்தது. நண்பர் கையில் திடலிலிருந்து பிடுங்கிய ஒரு பிடி புல் இருந்தது. யூனியன் பதினைந்தாம் இடத்தில் முடித்திருந்தது. அடுப்பில் வைத்திருந்த இரசத்தை எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தோம். பெரியவர் மிளகுக்கு அஞ்சுபவராயினும் அன்று இரண்டு கோப்பை குடித்தார்.

"ஓப்பா, அடுத்த ஆண்டும் பதினைந்தாம் இடமே போதும்" என்றான் மகன்.

"வேண்டாமப்பா. என் இருதயத்துக்குப் பதின்மூன்றுதான் தாங்கும்" என்றார் அவர்.

2025 மே மாதம் யூனியன் பதின்மூன்றாம் இடத்தில் முடித்தது. அன்று மாலை மகன் இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழ்வீட்டுக்கு இறங்கியதையும், பெரியவரின் கதவைத் தட்டியதையும், உள்ளேயிருந்து எழுந்த சிரிப்பையும் மாடியிலிருந்தபடியே கேட்டோம்.